பேட்டரி இல்லாத வேன்

பதினாறு நாளாக அந்த வேன் மெக்கானிக்கின் பட்டறையில் நிற்கிறது. பேட்டரியை அவர் முதல் நாளே கழற்றிவிட்டார். ஆனாலும் பனிமூட்டம் இறங்கும் காலைகளில் அதன் ஹெட்லைட் இரண்டும் எரிகின்றன.

பனியில் சாலையைக் கடந்த அவர் மனைவியை அடித்துப்போட்டது அந்த வேன்தான். ஓட்டியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"நான் லைட்டு போட்டுத்தான் வந்தேன். அக்காதான் கண்ணத் தொறந்து பாக்கல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். செத்தவள் எழுந்து வந்தா மறுக்கப்போகிறாள்?

இன்று வண்டியைப் பார்க்க வந்தான். வெளியே நல்ல பனி. வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது.

"அணைங்க மாமா, கண்ணு கூசுது."

"போட்டவன்தான் மாப்ள அணைக்கணும்."

உள்ளே ஏறி சுவிட்சை மேலும் கீழும் தட்டினான். வெளிச்சம் கூடியது.

"எப்படி மாமா அணைப்பேன்? நான்தான் அன்னிக்கு லைட்டே போடலையே!"