சரியான ஆழம்

"இந்த வெள்ளாம முளைச்சா எம் மகன் பங்கு நெலம் உனக்கு. இல்லன்னா உங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பிடு," என்றார் முனிராஜ், இறந்துபோன மகனின் மனைவி சுகுணாவிடம்.

விதைக்கும் கருவியின் கொழுக்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. சுகுணா அதைப் பென்னாகரம் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூரான புது முனைகளைப் பொருத்தினாள். கேழ்வரகு விதையை எடுத்துத் தந்த மாமியார் ராணியம்மாள், "நல்லா வரும் கண்ணு," என்றாள்.

விதைத்ததும் மழை பெய்தது. பக்கத்துக் காடெல்லாம் பச்சை கட்டியது. சுகுணாவின் காட்டில் ஒரு முளைகூட இல்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தாள். விதை சரியான ஆழத்தில், ஈரத்தில்தான் கிடந்தது.

"கொழுவ மாத்திட்ட. உன் கைராசிய எந்தப் பட்டறையில மாத்துவ?" என்று சிரித்தார் முனிராஜ்.

சுகுணா தன் துணிகளை எடுத்துவைத்தாள். துணிப்பையோடு கிளம்பியவளைக் கட்டிக்கொண்டு அழுதது ராணியம்மாள் ஒருத்திதான். பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை சாலையிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள்:

"மிச்சமிருக்கற அந்த விதையக் கோழிக்குப் போட்டுடுங்க. கருகாம வறுத்தெடுக்கறதுக்குள்ள என் கை வெந்துபோச்சு."