முளைப்புச் சோதனை

"வினோ, மாப்ள வந்துட்டாருடி! செருப்பக் கழட்டுறதா வேணாமான்னு வாசல்லயே நிக்கிறாரு."

சொல்லிவிட்டு இசைவாணி சிரித்தாள். சிதம்பரத்தில் அந்த விதை ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒன்றாகப் பிஎச்.டி. செய்கிறவர்கள். வினோதினி கையுறையைக் கழற்றிக்கொண்டே எழுந்தாள்.

"உள்ள வாங்க சார். செருப்போடயே வரலாம்."

மணவாளன் வந்தார். புவனகிரியில் விதைக் கடை வைத்திருப்பவர். இஸ்திரி கலையாத சட்டை. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். டீ வாங்கிவருவதாகச் சொல்லி இசைவாணி நழுவினாள்.

"ஒங்கம்மாதான் தனியாப் போயிப் பேசுங்கன்னாங்க. வீட்டுல வச்சிப் பேசுனா எனக்குப் பதட்டமா இருக்கும்னு..."

"இங்க மட்டும் பதட்டம் இல்லியா?"

"ஜாஸ்தியாதான் இருக்கு."

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. அவரைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தலாம் என்று மேசைமேல் இருந்த மூன்று கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாள்.

"மூணும் ஒரே நெல்லுதான். அறுத்த கையோட கொண்டாந்தது, இன்னும் தூக்கம் தெளியல, லேசுல முளைக்காது. மொதத் தட்டுல வெறும் தண்ணி. மத்த ரெண்டுலயும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தியிருக்கேன்."

"புண்ணு கழுவுவாங்களே, அதுவா?"

"அதேதான். எது நல்லா முளைச்சிருக்கு, பாருங்க."

அவர் குனிந்தார். முதல் தட்டில் ஒன்றிரண்டு நெல்தான் வாய் பிளந்திருந்தது. நடுத் தட்டில் வெள்ளை வெளேரென்று முளைகள். மூன்றாவதில் எல்லாமே பழுப்பேறிக் கிடந்தன.

"நடுத் தட்டு. ஆனா ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான?"

"அளவு வேற. விதை தண்ணி குடிச்சதும் உள்ளயே இந்த மருந்து மாதிரி ஒரு முரட்டு ஆக்ஸிஜன் உண்டாகும். அது கெடுதல்தான்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க. அளவா இருந்தா அதுவே விதையத் தட்டி எழுப்புது. மீறிடுச்சின்னா செல்லையே அரிச்சிடும். பழைய விதையில வீரியம் கொறையறதுக்கும் அது ஒரு காரணம்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. முளைக்கலன்னு கடைக்கிச் சண்டைக்கி வருவாங்க, அவ்வளவுதான் தெரியும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"வேற மூட்ட குடுத்துடுவேன். சண்டை போட்டு ஜெயிச்சிட்டு, மறுநாளு அவுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"கோவமே வராதா?"

"வரும். வந்தா வெளியில போயி வண்டியத் தொடைப்பேன். எங்க தெருவுலயே என் வண்டிதான் பளபளன்னு இருக்கும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று கேட்டாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைய விடச் சொல்வீங்களா?"

"அதச் சொல்ல நான் யாருங்க?"

கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். எனக்கு மனசு நெறைய சம்மதம். ஆனா ஒங்க வாயால சரின்னு வரணும். இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடுவோம். எனக்கு யாரு மேலயும் வருத்தம் இருக்காது."

வினோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத்தான் காலையில் கிளம்பி வந்திருந்தாள். வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்திருந்தாள். இப்போது அவை எதுவும் தேவைப்படவில்லை.

செல்போனை எடுத்துக் கடலூருக்கு அடித்தாள்.

"அம்மா, பேசிட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. முழு சம்மதம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஐயோ, நீ அழாதம்மா. கல்யாணப் பொண்ணு நீயே அழுதா போட்டோவுல மூஞ்சி வீங்கித் தெரியாதா?" என்றவள், போனை மணவாளனிடம் நீட்டினாள். "இந்தாங்க அப்பா, நீங்களே சமாதானம் பண்ணுங்க."