ஒன்றாம் அறைக் கூட்டம்

"அந்த ஒண்ணாம் நம்பர் டாக்டருக்கா காத்திருக்கீங்க? அடப் பாவமே!"

மஃப்ளர் சுற்றியிருந்தவர் அலுத்துக்கொண்டதும், அரசு மருத்துவமனை பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஒன்றாம் அறை திறக்க இன்னும் நேரமிருந்தது. அதற்குள் வரிசை வாசலைத் தொட்டுவிட்டது. எதிரே இரண்டாம் அறையில் ஒரு டாக்டரம்மா காலையிலேயே வந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன், அவருக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டார் முழங்கால் வலிக்கார அம்மா.

"வாயைத் திறங்கன்னு சொல்வார். நீங்க திறக்கறதுக்குள்ள மாத்திரை எழுதி முடிச்சிருப்பார். எனக்கு நல்லாத் தெரியும்."

பக்கத்திலிருந்த பஸ் டிரைவர் விடவில்லை. "கைராசிக்காரர்னுதானே இவ்வளவு கூட்டம்?"

"கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேருது, அவ்வளவுதான்."

சுவரில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இனி நோயாளிகளே டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆள் சேராத அறையை மூடிவிடுவார்கள். டாக்டரம்மாவின் அறைக்கு இன்றுதான் கெடு.

"கடைக்குக் கடை போட்டி இருந்தாத்தானே சரக்கு நல்லாயிருக்கும்? அதைத்தான் இங்கயும் கொண்டு வந்திருக்காங்க" என்றார் டிரைவர்.

"துணிக்கடையில கூட்டம் இருந்தா துணி நல்லாயிருக்குன்னு அர்த்தம். இங்க கூட்டம் இருந்தா, டாக்டருக்கு உங்க முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லைன்னு அர்த்தம். அந்தம்மாகிட்ட போய்ப் பாருங்க, பொறுமையா உங்க வீட்டுக் கதை வரைக்கும் கேப்பாங்க."

முழங்கால் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு வக்காலத்து வாங்கறீங்களே, அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"சத்தியமா இல்லைம்மா. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நியாயத்தை விடுங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால நிக்க முடியாது" என்று எழுந்தவர், நொண்டிக்கொண்டே இரண்டாம் அறைக்குள் போனார்.

வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாங்கய்யா! இத்தனை வருஷத்துல இங்க யாருமே தொட்டதில்ல."

டிரைவர் சட்டென்று எழுந்தார். அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வரிசை எதிர்ப்பக்கம் போய்விட்டது. டாக்டரம்மாவால் நம்பவே முடியவில்லை.

மஃப்ளர்காரரின் காதருகே குனிந்தார் காவலாளி. "எப்பவும் போடற மாஸ்க் இல்லாததால ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலை சார். மணியாச்சு, உங்க ரூமைத் திறக்கட்டுமா?"

"திற, திற. அந்தம்மாவையும் அனுப்பிட்டா ஊரையே நான் ஒருத்தனாப் பார்க்கணும்யா!" என்றபடி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒன்றாம் அறைக்குள் நுழைந்தார் டாக்டர்.