ஐந்து லிட்டர் கேன்

சொந்தத் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்க மனசு வராத மனுஷன், மாடியில் ஃபேனைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினால் அவரை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சக்காரர் என்றுதான் கீழ்வீட்டில் சொன்னார்கள்.

கீழ்வீட்டுத் தம்பி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பது வருஷம் அடுத்தவர் ஓட்டிய வண்டியில் பிரேக் போட்டே பழகியவர். சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்தும். அவருடைய கிட்னி ஒன்பது சதவீதம்தான் வேலை செய்தது. போதாததற்கு இதயமும் பலவீனம்.

மனைவி, மகள் இருவரின் ரத்த வகையும் சேரவில்லை. மிச்சம் இருந்தது அண்ணன்தான். "எனக்குப் பயமா இருக்கு, என்னை விட்டுடுங்க" என்று மூன்று மாதம் முன்னால் அவர் கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து கீழ்வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை. தினமும் தண்ணீர் மோட்டார் போட அவர் கீழே இறங்கினால், வாத்தியாரின் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

கிட்னி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். வாத்தியார் விஷயத்தில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. டயாலிசிஸ் செய்தால் பிரஷர் இறங்கி இதயம் தாங்காமல் போகலாம். செய்யாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

கடைசியில் ஒரு ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வர வேண்டும்.

"போன தடவை முக்கால் லிட்டர்கூட வரல. இந்தத் தடவையும் அப்படின்னா, திங்கட்கிழமை டயாலிசிஸ் ஆரம்பிச்சிடுவோம்" என்றார்.

வியாழக்கிழமை கேன் வந்தது. தூக்கி வந்த நர்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நாலே கால் லிட்டர்.

லேப் கணக்குப்படி கிட்னி முப்பத்தெட்டு சதவீதம். இதய டாக்டர் குதிக்காத குறை. டயாலிசிஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். பயிற்சி டாக்டர் கேனைப் போட்டோ எடுத்தார். வாத்தியார் முதல் முறையாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

'பார்க்கலாம்' மட்டும் சிரிக்கவில்லை. ரத்தத்தில் உப்பு கொஞ்சமும் குறையவில்லை. கால் வீக்கம் அப்படியே இருந்தது. ரத்தம் ஒன்று சொன்னது, கேன் ஒன்று சொன்னது. கேனை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் நாலே நாளில் மூச்சுத் திணறி வந்து நிற்பார்.

வாத்தியாரை எடை பார்க்க அனுப்பிவிட்டு, டாக்டர் கதவைச் சாத்தினார். மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கேன்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

மனைவி கைப்பையின் வாரைத் திருகினாள்.

"குறைஞ்சா மெஷின்ல போட்டுடுவேன்னு சொன்னீங்களே டாக்டர். அதான் நானும் ஒரு ரெண்டு தடவை..."

"ரெண்டுதானா?"

"அஞ்சு."

மகள் அம்மாவை முறைத்தாள். "நீயுமாம்மா?"

இதய டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பயிற்சி டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

'பார்க்கலாம்' அன்றைக்குப் 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை டயாலிசிஸ், இரண்டே மணி நேரம், மெதுவாக, இதய டாக்டர் பக்கத்திலேயே இருப்பார் என்று முடிவைச் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கேன்ல சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது."

நர்ஸ் அம்மா, மகள் இருவர் விரலிலும் குத்திப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லை.

"அப்ப மூணாவது ஆள் யாரு?"

வீட்டில் வேறு யாரும் இல்லை என்று மனைவி அடித்துச் சொன்னாள். கேன் இருந்தது பின்பக்கக் குளியலறையில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

அண்ணன் வெளியே பெஞ்சில்தான் இருந்தார். கார் ஓட்ட வேறு ஆள் கிடைக்காமல் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். வழியில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. தம்பி மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளே கூப்பிட்டதும் வந்து, கேனைப் பார்த்தார், தலை குனிந்துகொண்டார்.

"பெரியப்பா, உங்களுக்கு சுகரா?" என்றாள் மகள்.

"சொல்லிடட்டுமா?" என்று டாக்டர் அவரைக் கேட்க, மெல்லத் தலையாட்டினார்.

மூன்று மாதம் முன்னால், ஒருவருக்கும் தெரியாமல், கிட்னி கொடுக்க வந்து எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டவர் அவர். அப்போதுதான் சர்க்கரை தெரிந்தது, அதுவும் கண்டபடி ஏறியிருந்தது. அவர் கிட்னியை எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்ல, அதே அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். எனக்கு வியாதி என்று தெரிந்தால் தம்பிக்குப் பிரஷர் ஏறும், பயந்துவிட்டேன் என்றே சொல்லிக்கொள்கிறேன் என்றாராம்.

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு வாத்தியாரின் மனைவி அவரிடம் வாய் திறந்தாள்.

"அதெல்லாம் சரி. கேன்ல எதுக்கு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிட்னியைத்தான் குடுக்க முடியலம்மா. அதுலேர்ந்து வர்றதையாவது குடுப்போமேன்னுதான்."