விழாத ஸ்டம்பு

புதிதாக வாங்கிய கிரிக்கெட் வீடியோ கேமைப் போட்டதும் தினகர் வாயைப் பிளந்தான். "பேட்ஸ்மேன் கழுத்துல வேர்வைகூட வழியுதே! அப்படியே நிஜம்!"

முதல் பந்திலேயே அவனுடைய பேட்ஸ்மேனின் நடு ஸ்டம்பு பறந்தது.

"இப்படியெல்லாம் எங்கேயாவது நடக்குமா?" என்று கடுப்பானவன், ஆட்டத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். ஸ்டம்பு பழையபடி நிமிர்ந்து நின்றது. மறுபடியும் பறந்தது. மறுபடியும் அழித்தான். கடைசியில் செட்டிங்ஸுக்குள் போய் பவுலரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். அடுத்த பந்து சிக்ஸர். திரைக்குள் கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

"இது ஆட்டம்! இதுதான் நிஜம்!" என்றான் தினகர்.

நடு ஸ்டம்புக்குப் பொறுக்கவில்லை. எதிர்முனையில் நின்ற பவுலரின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. "ஐயா, நான் ரெண்டு தடவை விழுந்தேனே, நீங்ககூட விரலைத் தூக்கினீங்களே?" என்று அம்பயரிடம் கேட்டது.

"எப்போ?" என்றார் அம்பயர்.

"இதுக்குப் பேரு நிஜமா ஐயா?"

சிக்ஸருக்குத் தூக்கிய கைகளை இன்னும் இறக்காமலேயே அம்பயர் சொன்னார்:

"வெளியில மட்டும் என்ன வாழுதாம்? பேட்டுக்குச் சொந்தக்காரனை எந்தத் தெருவுல அவுட் கொடுக்கறாங்க?"