பஜ்ஜி தின்னும் கோச்

டெக்ஸாஸ் பிளேனோவில் எங்கள் வீட்டு சோபாவில், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறார் பெரிய யூனிவர்சிட்டியின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் டாலன். இடது சாக்ஸின் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. சாயங்கால வெயில் அவருடைய சிவந்த கழுத்தில் சுள்ளென்று விழுகிறது. கையில் வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெயைத் துடைக்க டிஷ்யூ கேட்கக் கூச்சம். போன வருஷம் ஃபுட்பால் கேம்ப்பில் என் மகன் சபரியைப் பார்த்து, "செஸ் டீம் அந்தப் பக்கம்" என்று அத்தனை பேரும் சிரிக்கக் கை காட்டிய மனுஷன். இன்றைக்கு டெக்ஸாஸ் ஹைஸ்கூல்களிலேயே சபரிதான் நம்பர் ஒன் கிக்கர், கோலுக்குப் பந்தை உதைக்கிறவன். அதனால்தான் மூன்று ஞாயிறாக வந்து தவம் கிடக்கிறார். சபரி வேறு காலேஜ் முடிவு பண்ணியாச்சு. அது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். "எங்ககிட்டதானே வரப் போறே?" என்று இங்கிலீஷில் குழைகிறார். சபரி மடியில் முட்டை வடிவப் பந்தை உருட்டிக்கொண்டே இருக்கிறான். காபியை ஆற்றியபடி என் மனைவி பர்வதம் சொல்கிறாள்: "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்லுடா." சபரி சிரிக்காமல், "வீ வில் லெட் யூ நோ, கோச்" என்கிறான். எனக்குப் புரை ஏறுகிறது. மாம்பலத்தில் பர்வதத்தைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் போட்ட பஜ்ஜியைத் தின்றுவிட்டு என் அம்மா சொன்ன அதே வார்த்தை. எட்டு மாசம் இழுத்தடித்தோம். அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. கோச் வாசலில் குனிந்து லேஸ் கட்டுகிறார். "அடுத்த ஞாயிறும் வரச் சொல்லுடா, வாழைக்காய் வாங்கி வைக்கிறேன்" என்கிறாள் பர்வதம், கண்ணை என் மேலிருந்து எடுக்காமல்.