எலி இல்லாத வீடு

"ரகசியம் எல்லாம் என்னத்துக்கு டாக்டரம்மா? சபையிலயே சொல்லுங்க. நாலு பேரு தெரிஞ்சுக்கிடட்டும்!"

தாணுமாலயன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இலஞ்சியில் அந்தத் தெரு முழுக்கச் சமுதாயக் கூடத்தில் கூடியிருந்தது. போன மாதம் ஒரு மருத்துவக் குழு வந்து எல்லார் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போயிருந்தது. எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் யார் யாரைத் தொட்டிருக்கிறது என்று பார்க்கிற சோதனை. இன்றைக்கு முடிவு சொல்கிற நாள்.

அந்தக் குழுவை வரவழைத்ததே தாணுமாலயன்தான். ஊர் நலனில் அவருக்கு அவ்வளவு அக்கறை. குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக வீட்டின் முன்பாதியை இடித்து ஏசி அறைகள் கட்டியிருந்தார். பக்கத்து ஓட்டு வீட்டில் காளீஸ்வரி இட்லிக் கடை வைத்திருந்தாள். அந்த இடம் கிடைத்தால் கார் நிறுத்த வாகாக இருக்கும். விலைக்குக் கேட்டுப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த அக்கறை பிறந்தது. இட்லிக் கடை எலியால் தெருவுக்கே ஆபத்து என்று தென்காசிக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தார்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. காளீஸ்வரிக்கு வருஷத்துச் சம்பாத்தியமே இந்தச் சீசனில்தான். இப்போது போய்க் கடையை மூடச் சொன்னால் அவளும் ரெண்டு பெண்பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று யாராவது கேட்டால், "உயிரு முக்கியமா, இட்லி முக்கியமா?" என்று தாணுமாலயன் திருப்பிக் கேட்பார்.

டாக்டர் ஜெயபிரியா தயங்கினார். "ஒருத்தர் ரிசல்ட்டை இன்னொருத்தர் முன்னால சொல்லக் கூடாது ஐயா. தனித்தனியாத்தான் சொல்லணும்."

"நான் சம்மதம் குடுக்கேன். என் வீட்டுது பூராத்தையும் சத்தமாவே சொல்லுங்க. ஏட்டி காளீஸ்வரி, உனக்கென்ன? மறைக்க ஏதும் இருக்கா?"

காளீஸ்வரி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்களுதையும் சொல்லுங்கம்மா. மறைச்சா மட்டும் இவுக விட்டுருவாகளா?"

"அப்படிப் போடு!" தாணுமாலயன் தொடையில் தட்டினார். "டாக்டரம்மா, அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிடுங்க. இவ வீட்டு அரிசி மூட்டைக்கு அடியில எலி குடும்பம் குடும்பமா இருக்கு. மனுஷன் இட்லி திங்கான், எலி சட்னி திங்குது."

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"அரிசி இருக்க எடத்துக்கு எலி வரத்தான அண்ணாச்சி செய்யும்? எம்புட்டு விரட்டினாலும் போவமாட்டேங்கு. எங்க மாமியா காலத்துலேருந்தே இருக்கு."

"கேட்டீங்களா? தலைமுறை தலைமுறையா வளக்காக! என் வீட்டுக்கு வந்து ஒத்த எலி காட்டுங்க, பாப்போம். மனுக் குடுத்த கையோட வீடு பூரா விஷம் வச்சேன். நாளைக்கு எவனும் நம்மளப் பாத்து ஒரு சொல்லு சொல்லப்படாது பாருங்க. பரண் மேலயும் புது ரூம் சீலிங்குக்குள்ளயுமா செத்துக் கெடந்துச்சு. சாம்பிராணி போட்டுப் போட்டே நாத்தத்தைச் சமாளிச்சோம்."

"ஆமா டாக்டரம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி முத்துவடிவு. "அந்த வாரம் பூராவும் கை காலெல்லாம் ஒரே அரிப்பு."

"சும்மாரு. அது பெயிண்ட் அலர்ஜி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கப்புறம் வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. எனக்கும்தான் வந்துச்சு. அது ஐந்தருவியில குளிச்ச காய்ச்சல். கௌரவமான காய்ச்சலை எல்லாம் இந்தக் கணக்குல சேத்துராதீங்க!"

டாக்டர் காளீஸ்வரியைப் பார்த்து, "உங்க வீட்ல யாருக்கும் இல்லம்மா. அந்தக் கிருமி உங்க யார் ரத்தத்தையும் தொடவே இல்ல. கடையை மூட வேண்டாம்" என்றார்.

காளீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து, ரெண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தாணுமாலயன் துள்ளி எழுந்தார். "அதெப்படி? இவளுக்கே இல்லன்னா பெறகு யாருக்குத்தான் இருக்கு?"

"இந்தத் தெருவுல ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருக்கு ஐயா. உங்க வீட்டுக்கு. உங்க வீட்ல எல்லாருக்கும். நாங்க வந்து மருந்து அடிச்சு முடிக்கிற வரைக்கும் ரூமுக்கு ஆள் ஏத்தாதீங்க."

முன்பு சிரித்த அந்த ரெண்டு பேரும் இப்போது சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள்.

"என் வீட்லயா? அங்கனதான் எலியே கிடையாதே! பூராத்தையும் நாந்தானே கொன்னேன்!"

"அதான் வினையாப் போச்சு. எலி செத்து ஒடம்பு ஆறிப்போச்சுன்னா தெள்ளு அதுல இருக்காது, சூடா இருக்கற அடுத்த ஒடம்பைத் தேடிப் போயிரும். அதனாலதான் நாங்க மொதல்ல தெள்ளைக் கொன்னுட்டு, அப்புறம் எலிக்கிட்ட போவோம். காளீஸ்வரி வீட்டுத் தெள்ளுக்கு எலி இருந்துச்சு," என்றார் டாக்டர். "உங்க வீட்டுத் தெள்ளுக்கு நீங்கதானே ஐயா இருந்தீங்க!"